வீட்டு வரியும் முறையீட்டு உரிமையும்

(ஏற்காட்டில் ஊராட்சி உறுப்பினர்களுக்கும் விவசாயிகளுக்கும் நடைபெற்ற பயிற்சி முகாமில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



வரியைப் பற்றிப் பேச வரும் உத்தியோகஸ்தரை எந்த ஊரிலும் மேளதாளத்தோடு வரவேற்பதில்லை. ஆயினும் மழைச் சாரலையும் குளிரையும் பாராமல் மாரமங்கலம், செம்மநத்தம், நாகலூர், வாழவந்தி முதலிய ஊராட்சிகளிலிருந்து இவ்வளவு பேர் வந்து அமர்ந்திருக்கிறீர்கள். சாலை வேண்டும், குடிநீர் வேண்டும், தெருவிளக்கு வேண்டும் என்று கேட்கும் கூட்டங்கள் பலவற்றில் நான் கலந்துகொண்டதுண்டு. “எங்கள் வீட்டுக்கு விதித்த வரி சரிதானா? சரியில்லையென்றால் யாரிடம், எவ்வாறு முறையிடுவது?” என்று கேட்பதற்காகக் கூடிய கூட்டத்தை இன்றுதான் காண்கிறேன். இது நல்ல அறிகுறி. இக்கேள்விக்கு என் அறிவுக்கும் அனுபவத்துக்கும் எட்டிய அளவில் விடை கூற முயல்கிறேன்.

முதலில் என் அனுபவம் ஒன்றைச் சொல்ல வேண்டும். அது எனக்குப் பெருமை தரும் அனுபவம் அன்று. எனினும் இன்றைய பேச்சுக்கு அதுவே காரணம்.

மறக்க முடியாத கேள்வி

பல ஆண்டுகளுக்கு முன் சமவெளியிலுள்ள ஓர் ஒன்றியத்தில் நான் துணை நிலை அலுவலராகப் பணியாற்றினேன். அங்கே ஒரு சிற்றூரில் கணவரை இழந்த ஓர் அம்மையார் இருந்தார். அவருடைய வீடு ஓட்டு வீடு. முன்புறம் ஒரு திண்ணை, உள்ளே ஓர் அறை, பின்புறம் ஒரு சமையற்கட்டு, அவ்வளவே. பக்கத்து வீடு தளம் போட்ட மாடி வீடு. கதவிலக்கங்களைப் புதிதாக எழுதிய சமயத்தில் இவ்விரு வீடுகளின் இலக்கங்களும் பதிவேட்டில் இடம் மாறிவிட்டன. அன்றுமுதல் மாடி வீட்டின் வரி அம்மையாரின் பெயருக்கும், ஓட்டு வீட்டின் வரி மாடி வீட்டுக்காரரின் பெயருக்கும் வந்துகொண்டிருந்தன. வரி குறைந்தவர் வாய் திறக்கவில்லை. வரி மிகுந்தவர் மூன்று முறை அலுவலகத்திற்கு நடந்து வந்தார். மூன்று முறையும், “பார்த்துச் சொல்கிறோம் அம்மா” என்ற பதிலே அவருக்குக் கிடைத்தது. அவற்றுள் ஒரு முறை அப்பதிலைச் சொன்னவன் நான்.

நான்கு ஆண்டுகள் சென்றன. நிலுவைப் பட்டியலில் அவர் பெயரைக் கண்ட பிறகுதான் அளவு நாடாவை எடுத்துக்கொண்டு அவ்வீட்டிற்குப் போனேன். கால் மணி நேரத்தில் உண்மை விளங்கிவிட்டது. பதிவேடு திருத்தப்பட்டது, ஆனால் அவ்வாண்டு முதற்கொண்டே திருத்தப்பட்டது. கடந்த ஆண்டுகளில் அவர் ஆட்சேபம் தெரிவித்தார் என்பதற்கு அலுவலகத்தில் ஒரு துண்டுக் காகிதமும் இல்லை. இதை நான் எடுத்துச் சொன்னபோது அவர், “நான் மூணு தடவை வந்தேனே ஐயா, அது எந்தக் கணக்கிலும் இல்லையா?” என்று கேட்டார். எனக்கு விடை சொல்ல வாய் எழவில்லை. பழைய நிலுவையை அவர் கூலி வேலை செய்தும் கோழிகளை விற்றும் கட்டித் தீர்த்தார்.

அழுத பிள்ளை பால் குடிக்கும் என்பர். வரி விஷயத்தில் அழுகை போதாது. எழுத்து வேண்டும், தேதி வேண்டும், அளவு வேண்டும். வாயால் சொன்ன குறை காற்றோடு போய்விடும். எழுதிக் கொடுத்த குறைக்கு அலுவலகம் பதில் சொல்லியே ஆக வேண்டும். இன்று நான் சொல்ல வந்ததன் சாரம் இதுதான்.

சேலத்தின் பழைய அனுபவம்

விதித்த வரியை மறுபடி ஆராய்ந்து பார்ப்பது இம்மாவட்டத்துக்குப் புதிதன்று. 1792ஆம் ஆண்டில் திப்பு சுல்தானோடு ஏற்பட்ட உடன்படிக்கையின்படி பாரமகாலும் சேலமும் கிழக்கிந்தியக் கம்பெனியின் வசம் வந்தன. அலெக்சாண்டர் ரீட் என்பவரும் அவருக்குக் கீழ்ப் பணிபுரிந்த தாமஸ் மன்றோவும் 1799ஆம் ஆண்டுவரை இப்பகுதியில் நிலங்களை அளந்து தீர்வை விதித்தனர். குடியானவர் ஒவ்வொருவரிடமும் அரசு நேராகத் தீர்வை பெறும் ரயத்துவாரி முறை இங்குதான் உருப்பெற்றது. இதே மன்றோ பின்னர் கடப்பை, பெல்லாரி முதலிய பகுதிகளில் கலெக்டராக இருந்தார். 1807ஆம் ஆண்டில், அங்குள்ள தீர்வையை நூற்றுக்கு 25 வீதம் குறைக்க வேண்டும் என்று அவரே மேலிடத்திற்குப் பரிந்துரைத்தார். வயலையும் வாழ்வையும் நேரில் கண்டறிந்த அதிகாரி, தம் கையால் நடந்த விதிப்பும் மிகையாக இருக்கக்கூடும் என்பதை ஒப்புக்கொண்டார்.

வட்டந்தோறும் ஆண்டுக்கொரு முறை நடைபெறும் ஜமாபந்தியை நீங்கள் அறிவீர்கள். கிராமக் கணக்குகளைத் தணிக்கை செய்வதும், குடிமக்களின் மனுக்களைப் பெறுவதும் அங்கே ஒருசேர நடைபெறுகின்றன. கணக்குப் பார்க்கும் இடத்திலேயே குறை கேட்பதும் நடைபெற வேண்டும் என்பதுதான் அதன் பொருள். அந்நியர் ஆட்சியில் குடிகள் இதைக் கருணையாக வேண்டிப் பெற்றனர். குடியரசில் இது நமது உரிமை. சட்டத்தின் அதிகாரமின்றி எந்த வரியும் விதிக்கவோ வசூலிக்கவோ கூடாது என்று நமது அரசியலமைப்பின் 265ஆம் விதி கூறுகிறது. ஆகவே, “எந்த விதியின்படி, எந்த அளவின்படி இந்தத் தொகை வந்தது?” என்று கேட்பவரை யாரும் தகராறுக்காரர் என்று சொல்வதற்கில்லை.

எது வீட்டு வரி?

நிலத் தீர்வை வேறு, வீட்டு வரி வேறு. பட்டா, புல எண், கிஸ்தி ஆகியவற்றைப் பற்றிய குறைகளைக் கிராம நிர்வாக அலுவலரிடமும் வட்டாட்சியரிடமும் கூற வேண்டும். வீட்டு வரி என்பது ஊராட்சி விதிப்பது. ஊராட்சியின் நிதியிலேயே சேருவது. இவ்வேறுபாடு தெரியாமல் இங்கும் அங்கும் அலைந்து நாளைப் போக்குகிறவர் பலர்.

1994ஆம் ஆண்டுத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் வீட்டு வரி விதிக்கும் அதிகாரத்தைக் கிராம ஊராட்சிக்கு வழங்குகிறது. ஆண்டு வாடகை மதிப்பு, மூலதன மதிப்பு, விதிகளில் குறிக்கப்படும் வேறோர் அடிப்படை ஆகியவற்றுள் ஒன்றைக்கொண்டு வரி விதிக்கலாம். நம் பக்கத்தில் பெரும்பாலும் கட்டடத்தின் பரப்பையும் அதன் வகையையும் கொண்டே வரி கணக்கிடப்படுகிறது. அரசு வகுத்த குறைந்த அளவுக்கும் மிகுந்த அளவுக்கும் இடையிலேதான் ஊராட்சி தன் விகிதத்தை நிர்ணயிக்க வேண்டும். வரியைச் செலுத்தும் பொறுப்பு வீட்டின் உரிமையாளரைச் சார்ந்தது.

சட்டத்தில் ‘வீடு’ என்ற சொல்லுக்குத் தனிப் பொருள் உண்டு. பொது வழியிலிருந்து தனி வாயில் உடையதாய், மனிதர் இருக்கத் தக்கதாய் உள்ள கட்டடம் வீடாகும். கடை, பட்டறை, கிடங்கு ஆகியவையும் அதில் அடங்கும். தனியே நிற்கும் மாட்டுக் கொட்டகையும் கோழிக் கொட்டகையும் அடங்கும். ஆனால் குடியிருக்கும் வீட்டின் ஒரு பகுதியிலேயே மாடு கட்டியிருந்தால் அதைத் தனி வீடாகக் கணக்கிடக் கூடாது.

இதை நம் மலைக்குப் பொருத்திப் பாருங்கள். காப்பிக் கொட்டையைச் சேர்த்து வைக்கும் கிடங்கு வரிக்கு உட்பட்டது. கொட்டையை உலர்த்தும் சிமெண்டுக் களம் சுவரும் கூரையும் இல்லாத திறந்த தரை. அதன் சதுர அடியை வீட்டின் பரப்போடு சேர்த்து எழுதியிருந்தால் தயங்காமல் ஆட்சேபம் தெரிவிக்கலாம். தோட்டத்து லைன் வீடுகளில் குடியிருக்கும் தொழிலாளி அவ்வீட்டின் உரிமையாளர் அல்லர். தொழிலாளருக்கு வீடு தருவதைத் தோட்ட நிர்வாகத்தின் கடமையாக 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் வகுத்தது. அத்தகைய வீட்டின் வரியைத் தொழிலாளியின் தலையில் சுமத்துவது முறையன்று.

இன்னும் ஒன்று. வறுமை காரணமாக விலக்கு அளிப்பதற்கும், வீடு காலியாகக் கிடந்த காலத்திற்கு வரியைத் தள்ளுபடி செய்வதற்கும் விதிகள் வகுக்கச் சட்டம் இடம் தந்திருக்கிறது. ஆனால் கேளாமல் எந்தத் தள்ளுபடியும் தேடி வராது.

சமமல்லாதவற்றைச் சமமாக்குவதும் அநீதியே

“எல்லோருக்கும் ஒரே கணக்கு, இதில் என்ன அநியாயம்?” என்று சிலர் கேட்பர். அண்டை மாநிலமாகிய கேரளத்தில் இக்கேள்வி உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 1961ஆம் ஆண்டின் கேரளக் கட்டட வரிச் சட்டம் தரைப்பரப்பு ஒன்றையே அளவுகோலாகக் கொண்டு வரி விதித்தது. கட்டடம் எவ்வகையைச் சேர்ந்தது, நகரின் நடுவில் உள்ளதா, குக்கிராமத்தில் உள்ளதா, எதற்குப் பயன்படுகிறது என்பவற்றை அது கருதவில்லை. சமமல்லாதவற்றைச் சமமாக நடத்துவதும் பாரபட்சமே என்று கூறி, 1968ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் அவ்விதிப்பு செல்லாது என்று தீர்ப்பளித்தது. பின்னர் 1975ஆம் ஆண்டில் கேரளம் புதிய சட்டம் இயற்றியது.

இத்தீர்ப்பின் கருத்து நமது மலைக்கு மிகவும் பொருந்தும். 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காலத்தில் சேர்வராயன் மலைக்குக் காப்பிச் செடி வந்தது. அதைத் தொடர்ந்து தோட்டத்துப் பங்களாக்கள் எழுந்தன. லைன் வீடுகள் எழுந்தன. மலையாளி மக்களின் சிற்றூர்கள் அவற்றுக்கும் முற்பட்டவை. இன்றோ ஏரியைச் சுற்றியும் சாலை ஓரங்களிலும் தங்கும் விடுதிகள் நிறைந்துவிட்டன. 600 சதுர அடி என்பது ஏரிக்கரை விடுதிக்கும் 600தான்; ஜீப்பும் செல்லாத சரிவில், தலைச்சுமையாகக் கல்லும் மணலும் கொண்டுவந்து கட்டிய குடியானவரின் வீட்டுக்கும் 600தான். எண் ஒன்றாயினும் வீடு ஒன்றன்று. ஆகையால் பரப்பு மட்டுமின்றிக் கட்டடத்தின் வகையும் உபயோகமும் பதிவேட்டில் சரியாக எழுதப்பட்டுள்ளனவா என்று பார்த்துக்கொள்வது அவசியம்.

முறையிடும் வழி

இனி, முறையீடு செய்யும் வழியைப் படிப்படியாகக் கூறுகிறேன்.

முதலாவது, வரி அறிவிப்பு கைக்கு வந்த தேதியை அதன் மீதே எழுதி வையுங்கள். முறையீட்டுக்குக் காலக்கெடு உண்டு. அறிவிப்புக் கிடைத்த நாளைக்கொண்டே அது எண்ணப்படும். நவம்பர் முதல் சில மாதங்கள் நமக்குக் காப்பிப் பழம் பறிக்கும் காலம். வீட்டைப் பூட்டிவிட்டுக் குடும்பமே தோட்டத்திற்குப் போய்விடும். கதவிடுக்கில் செருகிய அறிவிப்பைப் பறிப்பு முடிந்த பிறகு எடுத்துப் பார்த்தால் கெடு தாண்டியிருக்கும். ஆகவே வயது முதிர்ந்தவரோ படிக்கும் பிள்ளையோ அதைக் கவனித்து எடுத்து வைக்கும்படி ஏற்பாடு செய்யுங்கள்.

இரண்டாவது, அறிவிப்பில் உள்ளதை வரி வரியாகப் படியுங்கள். பெயர், கதவிலக்கம், கூரையின் வகை, பரப்பு, உபயோகம் ஆகிய ஐந்தையும் பாருங்கள். வீட்டு வரியோடு ரூபாய்க்கு 10 காசு வீதம் நூலக வரியும் சேரும். அதைப் பிரித்துப் பாருங்கள். பழைய பதிவேடுகளைக் கணினியில் ஏற்றும்போது இலக்கம் இடம் மாறுவதுண்டு. 360 என்பது 630 ஆகிவிடலாம். சதுர மீட்டரில் உள்ள கணக்கைச் சதுர அடி என்று நினைத்து மயங்குவதும் உண்டு; ஒரு சதுர மீட்டர் ஏறத்தாழ 10.76 சதுர அடி என்பதை நினைவில் வையுங்கள்.

மூன்றாவது, நீங்களே அளந்து பாருங்கள். வீட்டின் வெளிச்சுவர் நீளத்தையும் அகலத்தையும் அளந்து பெருக்கினால் பரப்பு கிடைக்கும். உதாரணமாக, 24 அடி நீளமும் 15 அடி அகலமும் உள்ள வீட்டின் பரப்பு 360 சதுர அடி. ஒரு காகிதத்தில் வீட்டின் வடிவத்தை வரைந்து அளவுகளைக் குறியுங்கள். வீட்டின் முன்புறமும் கூரையும் தெரியும்படி ஒரு புகைப்படம் எடுத்துக்கொள்ளுங்கள். இன்று கைப்பேசி இல்லாத சிற்றூர் இல்லை; இதற்குப் பெருஞ்செலவு ஆகாது.

நான்காவது, எழுத்து மூலமாக மறுபரிசீலனை மனு கொடுங்கள். ஊராட்சி மன்றம் பதவியில் உள்ள காலத்தில் அதன் தலைவரே நிறைவேற்று அதிகாரி. மன்றம் இல்லாத காலத்தில் தனி அலுவலர் அவ்விடத்தில் இருப்பார். மனு நீண்டதாக இருக்க வேண்டியதில்லை. “என் வீட்டின் கதவிலக்கம் இது. இந்தத் தேதியில் அறிவிப்புப் பெற்றேன். பரப்பு 630 சதுர அடி என்று குறிக்கப்பட்டுள்ளது. உண்மையில் 360 சதுர அடி. அளவுப் படமும் புகைப்படமும் இணைத்துள்ளேன். நேரில் அளந்து பார்த்து வரியைத் திருத்தி, எழுத்து மூலம் உத்தரவு வழங்க வேண்டுகிறேன்” என்று எழுதிக் கையொப்பமிட்டால் போதும். “வரி அதிகம், நான் ஏழை” என்று மட்டும் எழுதினால் எதைத் திருத்துவது என்று அதிகாரிக்குத் தெரியாது. தவறு எங்கே உள்ளது என்பதைச் சுட்டிக் காட்டுங்கள். மனுவின் நகலில் தேதியிட்ட ஒப்புதல் பெறாமல் திரும்பாதீர்கள்; பெற இயலாவிட்டால் பதிவு அஞ்சலில் அனுப்புங்கள்.

ஐந்தாவது, முறையீடு நிலுவையில் உள்ளது என்பதற்காக வரியைக் கட்டாமல் இருந்துவிடாதீர்கள். வீட்டு வரி அவ்வீட்டின் மீதே முதற் பொறுப்பாக நிற்கும். நிலுவை ஏறினால் வசூல் நடவடிக்கையும் வரும். ஆட்சேபத்தோடு செலுத்துவதாக எழுதிக் கொடுத்துவிட்டு, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். வரியைக் கட்டியவரின் முறையீட்டுக்கு எப்போதும் வலிமை அதிகம்.

ஆறாவது, பதிவேட்டில் உங்கள் வீட்டைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாவிட்டால், 2005ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் 10 ரூபாய்க் கட்டணத்துடன் விண்ணப்பித்து நகல் கேட்கலாம். 30 நாட்களுக்குள் விடை தர வேண்டும்.

ஏழாவது, மறுபரிசீலனையில் வந்த உத்தரவு திருப்தி அளிக்கவில்லையென்றால் மேல்முறையீடு செய்யுங்கள். அதை எந்த அதிகாரியிடம், எத்தனை நாட்களுக்குள் செய்ய வேண்டும் என்பதை அவ்வுத்தரவிலேயே எழுதித் தரும்படி கேளுங்கள். மனு கொடுத்தும் பதிலே வராவிட்டால், மாவட்ட ஆட்சியர் ஊராட்சிகளின் ஆய்வாளரும் ஆவார் என்பதை நினைவில் கொள்ளுங்கள். திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் அவரிடம் மனு அளிக்கலாம். அப்போது முதல் மனுவின் நகல் கையில் இருக்க வேண்டும். இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் வெறுங்கையோடு இறங்கிச் சென்று பயனில்லை.

ஓர் எச்சரிக்கையும் கூற விரும்புகிறேன். வீட்டு வரி ரசீது வரி கட்டியதற்குச் சான்று. அதுவே நிலத்துக்கு உரிமைப் பத்திரம் ஆகிவிடாது. வரியைத் திருத்தும் மனுவையும் பட்டா கோரும் மனுவையும் ஒன்றாகக் கலந்துவிட்டால் இரண்டும் கெடும்.

உறுப்பினர்களின் கடமை

இதுவரை வரி செலுத்துவோரிடம் பேசினேன். இனி ஊராட்சி உறுப்பினர்களிடம் சில வார்த்தைகள் கூற வேண்டும்.

வரி விகிதத்தை நிர்ணயிப்பவர் நீங்கள்; அவ்வரியைப் பற்றிய குறை முதன்முதலில் வந்து சேர்வதும் உங்கள் வாசலுக்கே. பட்டணத்தில் வரி விதித்தவரும் வரி செலுத்துபவரும் முகம் தெரியாதவர்கள். இங்கே இருவரும் ஒரே சந்தையில் காய் வாங்குகிறார்கள். ஒரே திருவிழாவில் தேர் வடம் பிடிக்கிறார்கள். இது ஊராட்சியின் பலம். கவனியாவிட்டால் இதுவே பலவீனமும் ஆகும். வேண்டியவரின் மாடி ஓடாகிவிடும். வேண்டாதவரின் ஓடு மாடியாகிவிடும்.

ஆகவே முறையீடு வந்தால் நாற்காலியில் இருந்தபடியே முடிவு செய்யாதீர்கள். வீட்டுக்குப் போய், உரிமையாளரை வைத்துக்கொண்டு அளந்து பாருங்கள். உறவினரின் மனுவாயின் அதை விசாரிக்கும்போது விலகி நில்லுங்கள். ஏற்றாலும் தள்ளினாலும் காரணத்தை எழுதுங்கள். காரணம் எழுதிய உத்தரவைத் தோற்றவரும் ஓரளவு ஏற்றுக்கொள்வார். காரணமற்ற உத்தரவை வென்றவரே நம்பமாட்டார்.

முறையீடு என்றால் வரியைக் குறைப்பது மட்டுமே என்று கருதிவிடாதீர்கள். குடியிருப்பு என்று எழுதப்பட்ட கட்டடத்தில் வாரந்தோறும் பணம் பெற்று விருந்தினர் தங்கினால், அது உபயோகம் மாறிய கட்டடம். அதைத் திருத்தாமல் விட்டால் அந்தக் குறைவை மற்றவர்களே சுமக்க வேண்டியிருக்கும். என் கதையில் வந்த மாடி வீட்டுக்காரரின் மௌனத்திற்கு விலை கொடுத்தவர் அந்த அம்மையார்தானே? ஒருவருக்குக் காட்டும் சலுகை இன்னொருவர் குழாயில் வராத தண்ணீராகும், எரியாத தெருவிளக்காகும். மலையில் ஒரு சிற்றூருக்கும் அடுத்த சிற்றூருக்கும் இடையே பள்ளமும் மேடும் உண்டு. சமவெளியைவிட இங்கே குழாயின் நீளமும் மிகுதி, மின்கம்பங்களும் மிகுதி. அரசின் மானியம் எவ்வளவு வந்தாலும், வீட்டு வரியே ஊராட்சி தன் சொந்தப் பணம் என்று சொல்லிக்கொள்ளக்கூடிய வருமானம். 1958ஆம் ஆண்டுச் சட்டத்தின் காலத்தில், ஊராட்சி வசூலித்த வீட்டு வரிக்கு ஈடாக அரசும் மானியம் வழங்கிய முறை இருந்தது. ஊரார் தம் பங்கைத் தந்தால் அரசும் தன் பங்கைத் தரும் என்ற எண்ணமே அதற்கு அடிப்படை. நேர்மையான வரி என்று நம்பினால் மக்கள் கட்டுவார்கள். நம்பிக்கை கெட்டால் கட்டக்கூடியவரும் கட்டமாட்டார்.

விகிதத்தை மாற்றக் கருதினால், முன்னதாகவே கிராம சபையில் அதை எடுத்துச் சொல்லுங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கூடும் சபைகளில் வரிப் பதிவேட்டின் விவரங்களை உரக்கப் படிக்கச் செய்யுங்கள். பத்துப் பேர் முன்னிலையில் படிக்கும்போது, “அது என் வீடு இல்லையே” என்று ஒருவர் எழுந்து சொல்வார். அந்த ஒரு வாக்கியம் நான்கு ஆண்டுக் கண்ணீரைத் தடுத்துவிடும்.

ஒரு வேண்டுகோள்

எழுத்து வேண்டும் என்று நான் வற்புறுத்திச் சொன்னேன். எழுதத் தெரியாதவர் என்ன செய்வார்? அவருக்காக அலுவலகம் எழுத வேண்டும். வாய்மொழியாகக் குறை சொல்ல வருபவரைத் திருப்பி அனுப்பாமல், ஊராட்சிச் செயலரோ உறுப்பினரோ அக்குறையை எழுதி, அவருக்குப் படித்துக் காட்டி, கையொப்பமோ பெருவிரல் ரேகையோ பெற்று, தேதியிட்ட ஒப்புதல் சீட்டைத் தரலாம். இதற்கு ஒரு நோட்டுப் புத்தகமும் ஒரு பேனாவும் போதும். புதிய சட்டமோ புதிய நிதியோ தேவையில்லை. இந்த ஒன்றியத்தின் ஒவ்வோர் ஊராட்சியிலும் இத்தகைய புத்தகம் ஒன்று மேசைமீது இருக்க வேண்டும் என்று உங்களைக் கேட்டுக்கொள்கிறேன். நான் ஊராட்சிகளைப் பார்வையிட வரும்போது முதலில் கேட்பது அதையே ஆகும்.

அந்த அம்மையாருக்கு அன்று நான் விடை சொல்லவில்லை. இனி எந்த ஊராட்சி அலுவலகத்திலும், “நான் வந்தேனே, அது கணக்கில் இல்லையா?” என்று ஒருவர் கேட்டால், “இருக்கிறது அம்மா, இந்தத் தேதியில், இந்தப் பக்கத்தில்” என்று எடுத்துக் காட்ட நம்மால் இயல வேண்டும். நான் அவருக்குத் தர வேண்டியிருந்த விடை அதுதான்.